விளிம்பு நாலரை அங்குலம்

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். சின்சினாட்டி பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் நவம்பரில் ஒரு நாடகம். 1840-இல் இந்தியானாவில் நடக்கிற கதை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வடக்கே வருகிறவர்களை ஒளித்துவைத்து அனுப்பும், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் ஒன்று. பரதநாட்டியப் பிள்ளைகளுக்கு உடை தைக்கிறேன் என்ற ஒரே தகுதிக்காக ஆண்களுக்கு எட்டுத் தொப்பி, பெண்களுக்கு நாலு பானெட் (தலையை மூடித் தாடைக்குக் கீழே நாடாவால் கட்டுவது) என்று மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

"ஓட்ஸ் டப்பாவில சிரிக்கிறாரே தாத்தா, அந்த மாதிரி இருந்தா போதும். முன்னாடி ஒரு பக்கிள் வச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்றார் இயக்குநர். அந்த ஓட்ஸ் தாத்தா 1877-இல் பதிவான வணிகச் சின்னம். குவேக்கர்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்கிற என் வியாதி அன்றைக்கே ஆரம்பித்தது. மாதிரிக்கு ஒரு தொப்பி செய்து எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு பிலடெல்பியாவுக்கு விமானம் ஏறினேன். திரும்பி வருவது காரில், வழியில் இருக்கும் குவேக்கர் ஊர்களைப் பார்த்தபடி.

அக்டோபர் 8, புதன் – பிலடெல்பியா

தலைக்கு மேலே இருக்கும் தட்டில் தொப்பிப் பெட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இறங்கும்போது பார்த்தால் யாரோ ஒரு புண்ணியவான் அதன் மேல் சக்கரப் பெட்டியைத் திணித்திருக்கிறார். என் தொப்பி ஆப்பம் மாதிரி ஆகியிருந்தது.

நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில், பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென் நிற்கிறார். 11 மீட்டர் உயர வெண்கலச் சிலை, 27 டன், தலையில் அகல விளிம்புத் தொப்பி. அந்தத் தொப்பியைத் தாண்டி இந்த ஊரில் யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்று எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 1987-இல் அதை மீறி ஒரு கோபுரம் எழுந்தது. அதற்கப்புறம் ஊர் அணிகள் எதிலும் கோப்பை வெல்லவில்லை, பென்னின் சாபம் என்று பேச்சு. 2007-இல் இன்னும் உயரமாக ஒரு கட்டடம் உச்சியை எட்டியபோது, அதன் கடைசி உத்தரத்தில் பென்னின் குட்டிப் பொம்மை ஒன்றை ஒட்டி வைத்தார்கள். மறு வருஷமே பேஸ்பால் கோப்பை வந்துவிட்டது. பரிகாரம் செய்யத் தெரிந்த ஊர்.

ரீடிங் டெர்மினல் சந்தையில் ஆமிஷ் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் நடத்தும் கடையில் ஆப்பிள் டம்ப்ளிங் வாங்கினோம். முழு ஆப்பிளை மாவில் பொதிந்து சுட்டு மேலே பால் ஊற்றித் தருகிறார்கள். 9 டாலர், இருவருக்குத் தாராளம். "இவங்கதானே உன் குவேக்கர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை. ஆமிஷ்காரர்கள் சுவிஸ், ஜெர்மன் வழி வந்தவர்கள். குவேக்கர்கள் 1650-களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் பின்னால் போனவர்கள். அகல விளிம்புத் தொப்பி என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைப்பது எங்கள் இயக்குநர் மட்டுமில்லை.

இரவு ஓட்டல் அறையில் ஆப்பத்தைத் தொப்பியாக்கும் முயற்சி. குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீரை முழுசாகத் திறந்துவிட்டு, 20 நிமிஷம் நீராவி காட்டினேன். ஃபெல்ட், அதாவது மயிரை இறுக்கிச் செய்த தொப்பித் துணி, நன்றாக இளகியது. கதவைத் திறந்ததும் ஆவி மொத்தமும் அறைக்குள் பாய, புகை அலாரம் அலறத் தொடங்கியது. பக்கத்து அறைக்காரர் வெறுங்காலோடு வந்து எட்டிப் பார்த்தார். கையில் தொப்பியோடு நான், நாற்காலி மேல் துண்டை வீசிக்கொண்டு வீட்டுக்காரர். மனிதர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அந்த நாகரிகத்துக்கு நன்றி.

தொப்பி நிமிர்ந்தது. ஆனால் அச்சில் மாட்டாமல் சும்மா காயவைத்ததில், உள்சுற்று 23 அங்குலம் இருந்தது 21-க்கு வந்துவிட்டது. கம்பளி ஃபெல்ட்டின் குணம் அது, சூடும் ஈரமும் பட்டால் இறுகும். அந்தக் காலத்து நல்ல தொப்பிகள் பீவர் என்கிற விலங்கின் அடிமயிரில் செய்தவை. மெத்தைக்காரர் பஞ்சு கொட்டுவாரே, கிட்டத்தட்ட அதே மாதிரி வில்லால் மயிரைக் கொட்டிப் பரப்பி, வெந்நீரில் உருட்டி உருட்டி இறுக்குவார்கள். மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளப் பாதரசக் கரைசலைத் தடவுகிற வழக்கமும் வந்தது. கனெக்டிகட்டில் டான்பரி என்ற ஊர் முழுக்கத் தொப்பித் தொழில். பாதரச ஆவியால் அங்குள்ள தொழிலாளர்களுக்கு வந்த கைநடுக்கத்துக்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர். 1941 வரை அது நிற்கவில்லை. அதை நினைத்தால் என் 21 அங்குலம் பெரிய கஷ்டமில்லை.

அக்டோபர் 9, வியாழன் – ஆர்ச் தெரு

வெயில் இருக்கிறது, ஆனால் காற்று பல்லைக் கிட்டவைக்கிறது. ஆர்ச் தெருவில் 1804-இல் கட்டிய கூட்ட இல்லம், குவேக்கர்கள் வழிபாட்டுக்குக் கூடும் இடம். சிலுவை இல்லை, பீடம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. நீள நீளமாகப் பெஞ்சுகள், பெரிய சன்னல்கள், அவ்வளவுதான். இது பழைய இடுகாட்டின் மேல் நிற்கும் கட்டடம். நாம் நடக்கிற புல்லுக்கு அடியில் யார் யாரோ படுத்திருக்கிறார்கள்.

சுற்றிக் காட்டியவர் எழுபதைத் தாண்டிய தன்னார்வலர் அம்மா. என் தாளையும் தொப்பியையும் எடுத்து நீட்டினேன். உச்சி மூன்றரை, விளிம்பு நாலரை என்று அளவெல்லாம் போட்டு வரைந்திருந்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, மெதுவாக ஒன்று கேட்டார்: "எந்த வருஷத்துத் தொப்பி இது?"

குவேக்கர் தொப்பி என்றேன். "சரி, எந்த வருஷம்?"

அப்போதுதான் உறைத்தது. என் வரைபடம் பெஞ்சமின் வெஸ்டின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது. மரத்தடியில் பென்னும் லெனாப்பே என்ற பூர்வகுடி மக்களும் ஒப்பந்தம் பேசும் காட்சி, அமெரிக்கப் பள்ளிப் பாடங்களில் தவறாமல் வருவது. காட்சி 1682-ஐச் சேர்ந்தது. வெஸ்ட் வரைந்தது 1771, 72-இல். அதில் இருக்கும் உடுப்பெல்லாம் பென் காலத்தது இல்லை, வெஸ்ட் சின்னப் பையனாக பென்சில்வேனியாவில் கண்ட பெரியவர்களின் உடுப்பு. 38 வயது பென்னையும் தொப்பை போட்ட கிழவராக்கி வைத்திருக்கிறார். நான் அதைப் பார்த்து 1840 நாடகத்துக்குத் தொப்பி செய்திருக்கிறேன். மூன்று நூற்றாண்டை ஒரே தலையில் வைத்த பெருமை எனக்கு.

அம்மா 'தப்பு' என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேள்வியாகவே கேட்டு என்னை ஒப்புக்கொள்ள வைத்தார். குவேக்கர் தொப்பி என்று தனியாக ஒரு வார்ப்பு எப்போதும் இருந்ததில்லையாம். ஊர் உலகம் போடுகிற தொப்பிதான். அதிலிருந்து சரிகை, பொத்தான், இறகு எல்லாம் கழித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் விளிம்பை மூன்று பக்கமும் மடித்துத் தைத்துக்கொண்டு திரிந்தபோது இவர்கள் மடிக்காமல் விட்டார்கள். மற்றவர்கள் உயர உயரமான பட்டுத் தொப்பிக்குப் போனபோது இவர்கள் தாழ்ந்த உச்சியை விடவில்லை. ஊரைவிட இருபது முப்பது வருஷம் பின்தங்கி நடந்ததுதான் அடையாளமாகிவிட்டது. பக்கிள் கேட்டால் சிரிக்கிறார்.

அவர்கள் பிடிவாதம் தொப்பியின் வடிவத்தில் இல்லை, அதை யாருக்காகவும் கழற்றமாட்டோம் என்பதில் இருந்தது. தோள் துண்டை இடுப்புக்கு இறக்கச் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். 1670-இல் லண்டனில் பென்னையும் வில்லியம் மீட் என்பவரையும் விசாரணைக்குக் கொண்டுவருகிறார்கள். வாசலில் காவலர்கள் இருவர் தொப்பியையும் எடுத்துவிட்டார்கள். யார் எடுக்கச் சொன்னது, திரும்ப வை என்று மேலேயிருந்து உத்தரவு. வைத்தார்கள். உடனே நீதிமன்றத்தில் தொப்பியோடு நின்ற குற்றத்துக்கு ஆளுக்கு 40 மார்க் அபராதம்! வடிவேலு காட்சிதான்.

கூட்டத்தில் உட்காரும்போதும் ஆண்கள் தொப்பியோடுதான் இருப்பார்களாம். யாராவது எழுந்து வாய்விட்டுப் பிரார்த்தனை செய்தால் மட்டும் எல்லோரும் கழற்றுவார்கள். கடவுளுக்கு மட்டும். நாடகத்தில் இரண்டாம் காட்சிக்கு இது வேண்டும், குறித்துக்கொண்டேன்.

விடைபெறும்போது என் சுருங்கிய தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "தையல் நன்றாக இருக்கிறது" என்றார். எனக்குப் போதும்.

அக்டோபர் 10, வெள்ளி – மவுண்ட் ஹோலி, பிறகு நெடுஞ்சாலை

காலையில் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சியின் மவுண்ட் ஹோலி. ஜான் உல்மன் வாழ்ந்த ஊர். 1720-இல் பிறந்தவர், தொழில் தையல், கூடவே கடையும் வைத்திருந்தார். வியாபாரம் பெருகுகிறது, மனசுக்கு ஒவ்வவில்லை என்று கடையைக் குறைத்துக்கொண்ட ஆள். ஊர் ஊராகப் போய் சக குவேக்கர்களிடம் அடிமைகளை விடுவிக்கச் சொல்லி மன்றாடியவர். அவர் பெயரில் ஒரு நினைவு இல்லமும் தோட்டமும் இருக்கின்றன. அங்கே எங்களைத் தவிர ஒரு அணில்.

குவேக்கர் என்றால் சாம்பல் நிறம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. கறுப்புச் சாயம் போட்ட தொப்பி அவர்களிடையே சாதாரணம். அதனால்தான் உல்மனின் தொப்பி பேச்சானது. சாயம் என்பது பாதி கண்ணுக்கு அழகு, பாதி அழுக்கை மறைக்க, இரண்டும் எனக்கு வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். 1762 வாக்கில் மயிரின் இயல்பான நிறத்திலேயே ஒரு தொப்பி செய்வித்துப் போட்டுக்கொண்டார். தனித்துத் தெரிவதற்காகச் செய்கிறேன் என்று நினைப்பார்களோ என்று ரொம்ப நாள் தயங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நடந்தது அதைவிட மோசம். அந்தச் சமயம் பார்த்து வெள்ளைத் தொப்பிதான் புது ஃபேஷன்! இவரும் ஃபேஷனில் இறங்கிவிட்டார் என்று கூட்டத்தில் சிலர் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்களாம். தையல்காரர், பாவம். நான் ரொம்ப நேரம் அந்தத் தோட்டத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எட்டுத் தொப்பியில் ஒன்று சாயமில்லாதது என்று அங்கேயே முடிவு செய்தேன். பார்வையாளர்களுக்குப் புரியாது. பரவாயில்லை.

அப்புறம் ஆறு மணி நேரம் கார். மலையைக் குடைந்த சுரங்கங்கள், இரண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள். முதல் ஒரு மணி நேரம் "ஆஹா" என்றோம். அப்புறம் பேச்சு முழுக்கக் கழிப்பறை எங்கே என்பதுதான். குவேக்கர்கள் இதே மலையை மாட்டுவண்டியில் தாண்டியிருக்கிறார்கள்.

இரவு மேற்கு வர்ஜீனியாவின் வீலிங். பசியோடு ஒரு பீட்சா கடைக்குள் நுழைந்தோம். சதுரத் துண்டு, சூடான அடி, மேலே சீஸ் உருகாமல் சில்லென்று தூவியிருக்கிறது. அடுப்பில் வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்கப் போனார். "இங்கே இப்படித்தான்" என்றாள் கவுண்டர் பெண், நாளைக்குப் பத்துப் பேரிடம் இதைச் சொல்கிற சலிப்போடு. டப்பாவை மூடி ஐந்து நிமிஷம் வைத்தால் தானே உருகும் என்று வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ரகசியம் சொல்லிக்கொடுத்தார். உருகியது. நன்றாகவே இருந்தது.

அக்டோபர் 11, சனி – மவுண்ட் பிளசன்ட், வெய்ன்ஸ்வில்

ஆற்றைத் தாண்டினால் ஓஹையோ. மவுண்ட் பிளசன்ட் மேட்டு நிலத்துச் சிற்றூர். 1814-இல் கட்டிய செங்கல் கூட்ட இல்லம் ஒன்று வெறும் புல்வெளி நடுவே ஆளை அசத்துகிற அளவில் நிற்கிறது. 2,000 பேர் உட்காரலாம். சுற்றிலும் காடாக இருந்த காலத்தில் இத்தனை பெரிய கட்டடம்! அடிமைமுறை பிடிக்காமல் தெற்கிலிருந்து கிளம்பி வந்த குவேக்கர் குடும்பங்கள்தான் இங்கே நிறையக் குடியேறின.

உள்ளே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்பை மேலே இழுத்துக்கொள்ள விட்டத்துக்கு மேல் பெரிய மர உருளை. 1828-இல் இங்கேதான் ஓஹையோ குவேக்கர்கள் இரண்டாகப் பிரிந்து, கூட்டத்தை நடத்தும் எழுத்தரின் மேசை யாருக்கு என்று இழுபறி நடந்து மேசை உடைந்தது. அகிம்சைக்காரர்கள். அன்று எத்தனை தொப்பி நசுங்கியதோ.

எல்லைப்புறத்தில் பீவர் தொப்பி எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? பெரும்பாலும் கம்பளி ஃபெல்ட்தான், வெயில் காலத்தில் வைக்கோல். பீவரே அருகிப்போய் 1830-களில் நகரத்தார் பட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆக என் மலிவான கம்பளி ஃபெல்ட் 1840 இந்தியானாவுக்குப் பொருத்தமே. பீவர் ஃபெல்ட் ஒன்று 200 டாலருக்கு மேல் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். புலம்பல் வாபஸ்.

மதியம் கிளம்பி வெய்ன்ஸ்வில். அங்கே 1811-இல் கட்டிய வெள்ளைக் கூட்ட இல்லத்தைப் பார்ப்பது திட்டம். ஊருக்கு மூன்று மைல் முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. விபத்தோ என்று பயந்தால், முட்டைக்கோஸ் ஊறுகாய்த் திருவிழா! வருஷா வருஷம் அக்டோபரில் நடப்பதாம், நான்தான் தேதியைப் பார்க்கவில்லை. யாரோ வீட்டு முற்றத்தில் 15 டாலர் கொடுத்து வண்டியை நிறுத்தினோம். அந்தப் புளிச்ச கோஸை எதில் போடுவது என்று ஒரு விவஸ்தை இல்லை. பீட்சாவில் போட்டிருந்தார்கள், டோனட்டிலும் போட்டிருந்தார்கள். டோனட் 3 டாலர். தேங்காய்த்துருவல் என்று சொல்லிக் கொடுத்தால் நம்பியிருப்பேன். கூட்ட நெரிசலில் கூட்ட இல்லம் வரை போய்ச் சேரவே இல்லை. கையில் இருந்த தொப்பியைப் பார்த்து இரண்டு பேர் விலை கேட்டார்கள்.

முதல் நாள், பத்தாம் மாதம் 12 – ரிச்மண்ட், ஃபவுண்டன் சிட்டி

குவேக்கர்கள் தேதியை இப்படித்தான் எழுதினார்கள். கிழமைப் பெயர்களில் வேற்றுத் தெய்வங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஞாயிறை முதல் நாள் என்றார்கள். நம்முடைய ஞாயிறு, திங்களுக்கும் அவர்களிடம் தப்பித்திருக்க வழியில்லை.

காலையில் இந்தியானாவின் ரிச்மண்டில் ஒரு மௌனக் கூட்டம். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாட்டு, பிரசங்கம் எதுவும் கிடையாது. உள்ளே நுழையும்போது வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் பேஸ்பால் தொப்பியைக் கழற்றினார். வாசலில் நின்ற தாத்தா, "குளிராக இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு மணி நேரத்தில் பேசியது ஒரே ஒருவர், அதுவும் நாலு வாக்கியம். பதினைந்தாவது நிமிஷத்தில் தொப்பி விளிம்புக்குக் கீழே வீட்டுக்காரரின் கண் மூடியது. தியானம் என்று சாதிக்கிறார். கடைசியில் எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வதுதான் மணியடிப்பது மாதிரி. பிறகு பூசணி ரொட்டியும் காப்பியும்.

அங்கிருந்து பத்து மைல் வடக்கே ஃபவுண்டன் சிட்டி. லீவை காஃபின், கேத்தரின் காஃபின் என்ற குவேக்கர் தம்பதி 1839-இல் கட்டிய செங்கல் வீடு. தப்பி வந்தவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இவர்கள் வழிசெய்தார்கள். மாடி அறை ஒன்றில் சாய்ந்த கூரைக்கு அடியில் இடுப்புயரக் கதவு, அதற்கு முன் கட்டிலை இழுத்துப் போட்டால் கதவே தெரியாது. நிலவறைக்குள் கிணறு. வெளியே இறைத்தால், ஒரு குடும்பம் இருக்கும் வீட்டுக்கு இத்தனை குடம் எதற்கு என்று பார்க்கிறவர் கணக்குப் போட்டுவிடுவாரே.

கீழே அந்தக் காலத்து உடையில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். தலையில் அவரே செய்த பானெட். நான் நாலு நாளாகத் தேடியது. மங்கிய பழுப்புப் பட்டு, பின்பக்கம் நூலளவு இடைவெளியில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கிய உச்சி, முன்னால் அட்டை வைத்து நீட்டிய சுரங்கம் மாதிரி விளிம்பு. மழையில் நனைந்தால் அட்டை ஊறிப்போகுமாம். நான் தைப்பேன் என்றதும் கழற்றிக் கையில் கொடுத்து, உள்பக்கத் தையலைத் திருப்பிக் காட்டினார். மடிப்புகளை எண்ணப் பார்த்து அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். இத்தனை எளிமைக்கு இத்தனை வேலை!

இந்த மாதிரி பானெட்டைப் போட்டு, முகத்துக்கு முன் வலையும் தொங்கவிட்டு, தப்பி வந்த பெண்களைப் பகலிலேயே வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போன கதைகள் அந்தக் கால நினைவுக் குறிப்புகளில் உண்டு. போட்டுப் பாருங்கள் என்றார் அவர். போட்டு, நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டினேன். சட்டென்று இரண்டு பக்கமும் உலகம் காணாமல் போனது. நேர் எதிரே இருக்கும் சன்னல் மட்டும் தெரிகிறது. என் மூச்சே காதில் பெரிதாகக் கேட்கிறது. யாரையாவது பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும்.

பின்னால் மாடிப்படியில் யாரோ இறங்கி வரும் சத்தம். நான் திரும்பவில்லை. எனக்குப் பக்கவாட்டில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, வெளியாட்களிடம் பேசும் அந்த மரியாதையான ஆங்கிலத்தில் வீட்டுக்காரர் கேட்டார்: "மன்னிக்கணும் மேடம், நீலச் சுரிதார் போட்ட ஒரு இந்தியப் பெண்ணைப் பார்த்தீங்களா? கையில ஒரு தொப்பி இருக்கும்."

"அவங்க கிணத்தைப் பார்க்கப் போனாங்க" என்றேன், தமிழில்.